பழைய பொருள் வாங்கும் இன்பம்



வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகளின் வீட்டிற்குப் போய்ச் சில மாதங்கள் தங்கி வந்தவர்கள் நம் வாசகர்களில் அநேகர் உண்டு. திரும்பி வந்ததும் அங்குள்ள பெரிய அங்காடிகளைப் பற்றி வியந்து பேசுவார்கள். அதே தெருக்களில், ரொட்டிக் கடைக்கும் முடிதிருத்தும் கடைக்கும் நடுவே, ஆடம்பரமில்லாத வேறொரு கடை இருப்பதை அவர்களில் பலர் கவனிப்பதில்லை. கவனித்து உள்ளே காலெடுத்து வைத்தாலும், "அப்பா, அது பழைய சாமான் விற்கிற இடம்" என்று பிள்ளைகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்தக் கடையைப் பற்றித்தான் இந்த இதழில் எழுத விரும்புகிறேன்.

இங்கிலாந்தில் இதற்குச் சாரிட்டி ஷாப், அதாவது தர்மக் கடை என்று பெயர். அமெரிக்காவில் திரிஃப்ட் ஸ்டோர், சிக்கனக் கடை என்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் ஆப் ஷாப் என்பார்கள். வாய்ப்புக் கடை என்ற பொருள்படும் பெயரின் சுருக்கம் அது. அந்தப் பெயர் ஓர் ஆஸ்பத்திரியை ஒட்டிப் பிறந்தது என்பது நமக்கு விசேஷம். 1925ஆம் ஆண்டு மெல்போர்ன் நகரில் செயின்ட் வின்சென்ட் மருத்துவமனைக்கு நிதி திரட்டுவதற்காகச் சீமாட்டி ஒருவர் முன்னின்று நடத்திய விற்பனைக்குத்தான் அந்தப் பெயர் சூட்டப்பட்டது.

இக்கடைகள் நடக்கும் விதம் எளிதானது. வீட்டில் தேவையில்லாத துணிமணி, பாத்திரம், புத்தகம், விளையாட்டுச் சாமான், நாற்காலி முதலியவற்றை மக்கள் இலவசமாகக் கொண்டு வந்து கொடுக்கிறார்கள். பெரும்பாலும் ஓய்வுபெற்ற பெண்கள், சம்பளம் வாங்காமல், அவற்றைத் தரம் பிரித்துச் சுத்தம் செய்து விலை ஒட்டி அடுக்குகிறார்கள். யார் வேண்டுமானாலும் வந்து வாங்கலாம். செலவு போக மிஞ்சுவது ஓர் ஆஸ்பத்திரிக்கோ, அநாதை இல்லத்திற்கோ, பஞ்ச நிவாரணத்திற்கோ போகிறது. பிரிட்டனில் மட்டும் இப்படிப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் இருக்கின்றன. நம்மூர்க் காயலான் கடை வேறு, இது வேறு. காயலான் கடையில் கொடுப்பவருக்கு எடைக்கு எடை காசு உண்டு. பழைய சேலைகளை வாங்கிக்கொண்டு எவர்சில்வர் பாத்திரம் தருகிறவரும் ஒருவிதப் பண்டமாற்றுதான் செய்கிறார். தர்மக் கடையில் கொடுப்பவருக்கு ஒன்றும் கிடையாது; நன்றி என்ற ஒரு வார்த்தையோடு வெறுங்கையாகத் திரும்பிப் போகிறார்.

இதில் இன்பம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். புதுச்சாமான் கடையில் ஒரே மாதிரிச் சட்டை பத்து அளவில் தொங்கும். நமக்கு வேண்டியதைச் சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள், முடிந்தது. இங்கேயோ எல்லாம் ஒவ்வொன்றுதான். ஒரு சட்டை, ஓர் அளவு, ஒரு விலை. அது உங்களுக்குப் பொருந்தினால் பொருந்தியது. இல்லாவிட்டால் வேறு யாருக்கோ காத்திருக்கிறது. தேநீர்க் கோப்பை வாங்கப் போனவர் ரம்பமும் வேதாகம அகராதியும் வாங்கிக்கொண்டு வருவார். என்ன இருக்கும் என்று முன்கூட்டித் தெரியாத படியால் கண் விழித்திருக்கிறது, கை ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை சந்தையில் நம் தாய்மார் கத்தரிக்காய் பொறுக்குகிறபோது அவர்கள் முகத்தில் இருக்கிற கவனத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

1993ஆம் ஆண்டில் மேற்படிப்புக்காக நான் பர்மிங்ஹாம் நகரின் செல்லி ஓக் பகுதியில் தங்கியிருந்தேன். திருநெல்வேலிச் சீமையின் வெயிலில் வளர்ந்த உடம்பு, அக்டோபர் மாதக் காற்றுக்கே நடுங்கிற்று. கையில் இருந்த உதவித்தொகைக்குப் புதிய ஓவர்கோட் என்பது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். உடன் படித்த ஆப்பிரிக்க ஆயர் ஒருவர்தான் என்னை முதன்முதலில் தர்மக் கடைக்கு அழைத்துச் சென்றார். அடர்ந்த சாம்பல் நிறத்தில், முழுக் கம்பளியில், முழங்காலுக்குக் கீழே தொங்கும் கோட் ஒன்றை நான்கு பவுனுக்கு வாங்கினேன். அதன் உட்பையில் பழைய பஸ் டிக்கெட் ஒன்றும் பெப்பர்மின்ட் சுற்றிய காகிதமும் இருந்தன. எனக்கு முன்னே அதை அணிந்தவர் யாரோ, வாயில் மிட்டாயைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போயிருக்கிறார். அந்தக் கோட்டை மூன்று குளிர்காலம் உடுத்திவிட்டு, ஊருக்குப் புறப்படுமுன் அதே கடையில் திருப்பிக் கொடுத்தேன். மறுபடியும் விலை ஒட்டித் தொங்கவிட்டார்கள். இந்தத் தடவை ஐந்து பவுன்!

வாங்குவதில் ஒரு சாமர்த்தியமும் வேண்டும், அதைக் கற்றுக்கொள்வதே பாதி இன்பம். துணியைக் கையில் எடுத்தால் முதலில் பார்க்க வேண்டியது கக்கமும் காலரும். பிறகு வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிக்க வேண்டும்; கம்பளித் துணியில் அந்துப்பூச்சி தின்ற ஊசித்துளைகள் அப்போதுதான் தெரியும். ஜிப்பை ஒருமுறை மேலும் கீழும் இழுத்துப் பார்க்க வேண்டும். பீங்கானை விரலால் சுண்டிப் பார்க்க வேண்டும். மண்பானை வாங்கும்போது நம் பாட்டிமார் செய்வதும் இதுதானே! நல்ல பீங்கான் கணீர் என்று ஒலிக்கும், கீறல் விழுந்தது 'டொக்' என்று செத்த சத்தம் போடும். மேஜை இழுப்பறையை வெளியே இழுத்து மூலையைப் பார்த்தால், பலகைகள் ஒன்றுக்குள் ஒன்று பல் கோத்து நிற்கின்றனவா, பசையும் ஆணியும் மட்டுமா என்பது தெரிந்துவிடும். புத்தகமானால் முதல் வெற்றுத்தாளைப் புரட்டுங்கள். ஞாயிறு பள்ளிப் பரிசாகக் கிடைத்தது என்றோ, பிறந்தநாளுக்கு அத்தை கொடுத்தது என்றோ மையால் எழுதிய வரி ஒன்று இருக்கக்கூடும். எனக்கு அந்த வரி புத்தகத்தின் விலையில் பாதி பெறும்.

மின்சாரச் சாமான்களைப் பரிசோதித்துச் சீட்டு ஒட்டின பிறகே அங்கே விற்பார்கள். பஞ்சு வைத்துத் தைத்த சோபா, மெத்தை போன்றவற்றில் தீப்பிடிப்பைத் தடுக்கும் விதிகளின்படி செய்தது என்ற சீட்டு இல்லாவிட்டால் வாங்கி வைக்கவே மாட்டார்கள்; 1988இல் பிரிட்டனில் அதற்கென்றே சட்ட விதிகள் வந்தன. படத்துண்டுகளைச் சேர்த்துப் பொருத்தும் விளையாட்டுப் பெட்டிகளில் சிலவற்றின் மேல் 'ஒரு துண்டு குறைகிறது' என்று பென்சிலில் எழுதியிருக்கும். ஆயிரம் துண்டுகளையும் யாரோ ஒரு மூதாட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து எழுதிய உண்மை அது. இத்தனை நேர்மையான விளம்பரத்தை வேறெந்தக் கடையிலும் நான் கண்டதில்லை.

பேரம் பேசலாமா என்று கேட்டால், கூடாது என்பதே அங்குள்ள மரியாதை. நம்மூர் நண்பர் ஒருவர் பழக்க தோஷத்தால் ஒரு குடைக்கு விலையைக் குறைத்துக் கேட்டார். கல்லாவில் இருந்த அம்மாள் சற்றும் கோபப்படாமல், "குறைக்க எனக்கு அதிகாரம் இல்லை. கூட்டிக் கொடுக்க உங்களுக்கு அதிகாரம் உண்டு" என்றார். நண்பர் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டார்.

இலவசமாக வந்த பொருளை இலவசமாகவே ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டால் என்ன, ஏன் விலை வைக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. இக்கடைகளின் பிறப்பைப் பார்த்தால் விடை கிடைக்கும்.

இரட்சணிய சேனையை நிறுவிய வில்லியம் பூத்தை நம்மில் பலர் அறிவோம். அவர் மனைவி கேதரின் பூத்தின் பெயரில் நாகர்கோவிலில் ஆஸ்பத்திரி இருக்கிறது. இங்கிலாந்தின் ஏழைகளைப் பற்றி அவர் 1890இல் வெளியிட்ட நூலில், வசதியுள்ளவர்கள் வீட்டில் வீணாகும் பொருட்களை வேலையற்றோரைக் கொண்டு சேகரித்துப் பழுதுபார்க்கும் திட்டம் ஒன்றைச் சொன்னார். 1897இல் நியூயார்க்கில், வீடற்ற ஆண்கள் தங்கும் விடுதி ஒன்றின் கீழ்த்தளத்தில், சேனையார் அதைச் செய்து காட்டினார்கள். விடுதியில் தங்கினவர்களே கைவண்டி தள்ளிக்கொண்டு தெருத்தெருவாகப் பழைய பொருட்களைச் சேகரித்தார்கள்.

பாஸ்டன் நகரில் மெதடிஸ்ட் போதகராய் இருந்த எட்கர் ஹெல்ம்ஸ் 1902இல் ஆரம்பித்த வேலைதான் இன்று குட்வில் என்ற பேரில் அமெரிக்கா முழுவதும் பரவியிருக்கிறது. அவருடைய மார்கன் சிற்றாலயத்தைச் சுற்றிக் குடியிருந்தவர்கள் பெரும்பாலும் பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்த அந்நிய நாட்டார். ஹெல்ம்ஸ் சாக்குப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு நகரத்தின் செல்வந்தர் வீடுகளில் பழைய துணி, செருப்பு, தட்டுமுட்டுச் சாமான்களைக் கேட்டு வாங்கி வந்தார். கேட்டுப் பெறுவது கடினமாக இல்லை. கொடுப்பதுதான் கடினமாக இருந்தது. அந்த ஏழைகளுக்குப் பிச்சை வாங்க மனமில்லை. ஆகையால் அவர் இரண்டு காரியம் செய்தார். வேலையில்லாதவர்களைக் கூலிக்கு அமர்த்தி அந்தத் துணிகளைத் தைக்கவும் செருப்புகளைச் செப்பனிடவும் வைத்தார். செப்பனிட்டதை அதே மக்கள் வாங்கக்கூடிய சிறு விலைக்கு விற்று, வந்த பணத்தில் கூலி கொடுத்தார். தர்மம் வேண்டாம், வாய்ப்பு வேண்டும் என்பது அந்த இயக்கத்தின் கொள்கை வாசகமாகவே ஆயிற்று.

எனக்கு இந்த இடத்தில் ரூத்தின் சரித்திரம் நினைவுக்கு வரும். பெத்லெகேமின் வயலில் அவள் முதல் நாள் வந்து நின்றபோது போவாஸ் ஒரு மூட்டை வாற்கோதுமையைக் கட்டி அவள் தலையில் தூக்கி வைக்கவில்லை. அறுக்கிறவர்களைப் பார்த்து, அவளுக்குத் தெரியும்படி ஒன்றும் சொல்லாமல், அரிகளில் சிலவற்றை வேண்டுமென்றே சிந்தவிடச் சொன்னான். அவள் குனிந்து தன் கையால் பொறுக்கினாள். சாயங்காலம் மாமியாரிடம் கொண்டுபோனது அவளுடைய அன்றாட உழைப்பின் பலனாக இருந்தது. பழைய பொருள் கடையின் விலைச்சீட்டு அந்தச் சிந்தவிட்ட கதிரைப் போன்றது. சீட்டைப் படித்துக் காசை எண்ணிக் கொடுக்கிற தாய், தான் விரும்பிய நிறத்தில் தன் மகளுக்கு ஒரு பாவாடையைத் தேர்ந்தெடுக்கிறாள். வேண்டாம் என்று சொல்லவும் அவளுக்கு உரிமை உண்டு. இலவசமாக நீட்டப்பட்ட பாவாடையை வேண்டாம் என்று சொல்ல ஏழைக்கு எத்தனை தைரியம் வேண்டும்!

இங்கிலாந்தின் கடைகள் சற்று வேறு வழியாக வந்தன. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மானியரின் பிடியிலும் நேசநாடுகளின் கடல் முற்றுகையிலும் சிக்கிக் கிரேக்க நாட்டு மக்கள் பசியால் மடிந்துகொண்டிருந்த 1942ஆம் ஆண்டில், ஆக்ஸ்போர்டு நகரின் புனித மரியாள் ஆலயத்தில் சிலர் கூடி ஒரு பஞ்ச நிவாரணக் குழுவை ஏற்படுத்தினார்கள். அதுதான் ஆக்ஸ்பாம். யுத்தம் முடிந்தபின் ஐரோப்பிய அகதிகளுக்காக அவர்கள் துணி கேட்டபோது, துணியோடு வேறு பல சாமான்களும் வந்து குவிந்தன. அவற்றை வைக்கவும் விற்கவும் ஆக்ஸ்போர்டின் பிராட் வீதி 17ஆம் எண் இடத்தில் கடை திறந்தார்கள். 1948 முதல் இன்றுவரை அங்கே விற்பனை நடக்கிறது. 1949இல் வேலைக்குச் சேர்ந்த ஜோ மிட்டி என்பவர்தான் அதை உண்மையான வியாபாரமாக ஆக்கினார். எதைக் கொடுத்தாலும் விற்றுக் காட்டுவார்; ஒரு கழுதையைக்கூட விற்றார் என்று சொல்லுவார்கள். அங்கே ஏழைக்கு மலிவாக விற்பது பிரதான நோக்கமல்ல, தூரத்தில் பசித்திருப்பவனுக்குப் பணம் சேர்ப்பதே நோக்கம். ஆகிலும் கடைக்குள் நுழைந்தால் இரண்டும் ஒன்றாகவே நடக்கும். பேராசிரியரும் துப்புரவுத் தொழிலாளியும் ஒரே வரிசையில் நின்று ஒரே கம்பியில் தொங்கும் சட்டைகளைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார்கள்.

கடையின் முன்பக்கத்தைவிடப் பின்னறையே எனக்கு அதிகம் பழக்கம். அந்நாட்களில் சனிக்கிழமை பிற்பகல்களில் அத்தகைய கடை ஒன்றின் பின்னறையில் உதவிக்குப் போவேன். வாசல்வரை பைகள் குவிந்து கிடக்கும். ஒவ்வொன்றையும் பிரித்து, விற்கத் தக்கது, தகாதது என்று இரண்டாக ஒதுக்குவோம். தக்கதை நீராவி விடும் குழாயால் சுருக்கம் நீக்கி, துப்பாக்கி போன்ற கருவி ஒன்றால் பிளாஸ்டிக் நரம்பில் விலைச்சீட்டைக் கோத்து அடிப்போம். சீட்டில் விலையோடு அந்த வாரத்தின் எண்ணும் இருக்கும். சில வாரங்களில் போகாவிட்டால் கம்பியிலிருந்து இறக்கிவிட வேண்டும். அமெரிக்காவின் குட்வில் கடைகளில் இதற்கு வாரம் ஒரு நிறச் சீட்டு. குறிப்பிட்ட நிறத்திற்கு அந்த வாரம் பாதி விலை என்று அறிவிப்பார்கள்.

அந்தப் பைகளில் பெரும்பங்கு இறந்தவர்களின் வீடுகளிலிருந்து வருகிறது என்பதை நான் அங்கு போன பிறகே அறிந்தேன். ஒரு நாள் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவர் இரண்டு பெட்டிகளோடு வந்தார். அவர் மனைவியின் உடைகள். எல்லாவற்றையும் துவைத்து, இஸ்திரி போட்டு, ஜாக்கெட்டுகளின் பொத்தானை மாட்டி, காலணிகளை மெல்லிய தாளில் சுற்றிக் கொண்டு வந்திருந்தார். கடையைக் கவனித்துக்கொண்ட அம்மாள் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்த பாடம் ஒன்று உண்டு. கொண்டு வந்தவர் கண்முன்னால் பையைப் பிரிக்கக் கூடாது. எதையும் ஒதுக்கிக் கீழே போடக் கூடாது. அவர் பேச விரும்பினால் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும். அந்த முதியவர் அரைமணி நேரம் பேசினார். அவர் போன பின், "இவர் இந்தத் தெருவிலேயே குடியிருக்கிறார், ஜன்னலில் ஒன்றும் தொங்கவிட வேண்டாம்" என்று அந்த அம்மாள் சொன்னார். இரண்டு மூன்று வாரம் கழித்து அவர் மறுபடியும் வந்து, நீல நிறக் கம்பளி மேலாடை விற்றுவிட்டதா என்று கேட்டார். விற்றுவிட்டது, தாதியர் பயிற்சியில் இருக்கும் ஒரு பெண் வாங்கினாள், அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது என்றோம். "நல்லது" என்றார். பிறகு புத்தக அலமாரியில் கொஞ்ச நேரம் நின்று துப்பறியும் நாவல் ஒன்றை வாங்கிக்கொண்டு போனார்.

ஆஸ்பத்திரிச் சிற்றாலயத்தில் பணிசெய்கிற எனக்கு, மரணத்தின்பின் வரும் கேள்விகளில் ஒன்று நன்கு பழக்கமானது. அடக்க ஆராதனை எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, மகள் கேட்பாள்: "அய்யா, அம்மாவின் சேலைகளை என்ன செய்வது?" நம் வீடுகளில் அவற்றைத் தொடாமல் பீரோவில் பூட்டி வைத்திருப்போம், அல்லது அவசர அவசரமாக யாருக்கோ கொடுத்துவிட்டு அதைப் பற்றிப் பேசாமல் இருப்போம். இறந்தவர் உடுத்தியதை உடுத்தலாகாது என்ற அச்சம் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் ஆழமாக உண்டு. யோப்பா பட்டணத்தில் தொற்காள் மரித்தபோது விதவைகள் பேதுருவைச் சூழ்ந்து நின்று, அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் காண்பித்து அழுதார்கள். அவற்றை அவர்கள் உடுத்தியிருந்தார்கள் என்றுதான் நான் எண்ணுகிறேன். உடுத்திய துணியை விரலால் தொட்டுக் காட்டி, இது அவள் செய்தது என்று சொல்லியிருப்பார்கள்.

இனி விற்காத துணிகளின் கதை. வருவதில் ஒரு பங்குதான் கடையில் விற்கிறது. கந்தலும் கறையும் வந்தவுடனே கழிந்துவிடும்; மிஞ்சியவை எடைக்கு விற்கப்பட்டு, பேல்களாகக் கட்டப்பட்டுக் கப்பலேறுகின்றன. ஆப்பிரிக்காவின் கானா நாட்டில், ஆக்ரா நகரின் கான்டமான்டோ சந்தைக்கு அவை பெருமளவில் போய்ச் சேருகின்றன. 2025 ஜனவரித் தொடக்கத்தில் பெருந்தீயில் எரிந்தது இந்தச் சந்தைதான். அங்குள்ளவர்கள் இத்துணிகளுக்கு 'ஒப்ரோனி வாவூ' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். செத்துப்போன வெள்ளைக்காரரின் துணி என்று அர்த்தம். இவ்வளவு நல்ல துணியை உயிரோடு இருப்பவன் கொடுக்க மாட்டான் என்பது அவர்கள் கருத்து.

நம் நாட்டுக்கும் வருகிறது. உடுத்தக்கூடிய பழைய துணியை உரிமமின்றி இறக்குமதி செய்து விற்க இந்தியாவில் அனுமதி இல்லாதபடியால், கம்பளித் துணிகளை வெட்டிக் கிழித்த பின்பே உள்ளே விடுகிறார்கள். அவை அரியானா மாநிலத்துப் பானிப்பட்டுக்குப் போகின்றன. அங்கே பெண்கள் தரையில் உட்கார்ந்து பொத்தானையும் ஜிப்பையும் அறுத்தெடுத்து, நிறம் நிறமாகப் பிரித்துக் குவிக்கிறார்கள். நிறம் பிரித்து நூற்பதால் மறுபடியும் சாயம் ஏற்ற வேண்டிய அவசியமில்லை. இயந்திரம் அதைப் பஞ்சாகக் கிழித்து, நூலாக நூற்று, போர்வையாக நெய்கிறது. 1813இல் யார்க்ஷயரைச் சேர்ந்த பேட்லி ஊரில் பெஞ்சமின் லா என்பவர் கண்டுபிடித்த முறை இது. பூகம்பம், வெள்ளம் என்றால் நிவாரண ஸ்தாபனங்கள் வாங்கி அனுப்பிவந்த முரட்டுச் சாம்பல் நிறப் போர்வைகளில் பல பானிப்பட்டில் நெய்தவை. 2012இல் வெளியான 'அன்ராவல்' என்ற ஆவணப்படத்தில் அந்தப் பெண்கள் பேசுகிறார்கள். வெள்ளைக்காரர்கள் ஏன் இப்படி நல்ல துணிகளைக் கழித்துப் போடுகிறார்கள் என்று அவர்களுக்கு ஆச்சரியம். அந்த ஊரில் தண்ணீர் விலை அதிகமாக இருக்கும், துவைக்கக் கட்டுப்படியாகாது போலும் என்று அவர்கள் ஊகிக்கிறார்கள்.

கொடுப்பவர் ஒரு முகத்தையும் காணாமல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை நாம் நம் கரையிலேயே பார்த்தோம். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபின் நாகப்பட்டினத்துக்கும் கடலூருக்கும் லாரி லாரியாகப் பழந்துணி வந்தது. சாலையோரங்களில் கொட்டிவிட்டுப் போனார்கள். மீனவர் குடும்பங்கள் அவற்றைத் தொடவில்லை. அதைப் பார்த்துச் சிலர், இவ்வளவு கஷ்டத்திலும் திமிரா என்று பேசினது என் காதில் விழுந்தது. சொந்த வள்ளமும் வலையும் வைத்துப் பிழைத்தவர்கள், திருநாளுக்குக் கோடித் துணி எடுத்தவர்கள், வீட்டையும் பிள்ளைகளையும் இழந்த அந்த வாரத்தில் தெருவில் கிடக்கும் யாருடைய துணியையோ குனிந்து பொறுக்க வேண்டும் என்றால் எப்படி? பொறுக்குவதிலும் இரண்டு விதம் உண்டு. ரூத்து பொறுக்கியது விளைந்த வயலில், இது குப்பைமேட்டில்.

அந்தக் குவியல்களை அள்ளியெடுத்துத் தரம் பிரிக்க முன்வந்தவர்களில் டெல்லியிலிருந்து வந்த கூஞ்ச் என்ற அமைப்பும் ஒன்று. அன்ஷு குப்தா என்பவர் 1999இல், தம் வீட்டில் இருந்த 67 துணிகளோடு ஆரம்பித்தது. 2015இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. இவர்கள் துணியைச் சும்மா கொடுப்பதில்லை. கிராமத்தார் தங்களுக்கு வேண்டிய கிணற்றையோ பாதையையோ தாங்களே வெட்டி முடித்தால், அந்த உழைப்புக்கு ஊதியமாகத் துணிமூட்டை வருகிறது. ஹெல்ம்ஸ் பாஸ்டனில் காசு கொடுத்து வாங்கச் செய்தார், இவர்கள் உழைப்பைக் கொடுத்து வாங்கச் செய்கிறார்கள்.

தர்மக் கடைகளைப் பற்றிக் குறையும் உண்டு. சில ஊர்களில் விலை ஏறிவிட்டது. நல்ல பொருளைப் பார்த்தவுடன் இணையத்தில் விற்பவர்கள் காலையிலேயே வந்து அள்ளிக்கொண்டு போகிறார்கள், ஏழைத் தாய் மாலையில் வரும்போது மிஞ்சியதுதான் இருக்கிறது. இன்னொன்று, இப்போது வரும் துணிகள் பல நாலு தடவை துவைத்தால் நைந்துபோகிற தரத்தில் புதிதாகவே செய்யப்படுகின்றன. என் சாம்பல் நிறக் கோட்டைப் போல மூன்று பேரைக் கடந்து நிற்கும் துணி அருகிவிட்டது.

அடுத்த தடவை நீங்கள் லண்டனுக்கோ நியூஜெர்சிக்கோ போனால், பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு தனியாகவே போய்ப் பாருங்கள். சனி, ஞாயிறுகளில் வீடு ஒழித்தவர்கள் கொடுத்த பைகள் வந்திருக்கும் என்பதால் வார முற்பகுதி நல்லது. வீட்டில் பயன்படாமல் இருக்கும் நல்ல பொருள் ஏதாவது இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். காலணிகளானால் ஒரு சோடியையும் பிரியாமல் நாடாவால் கட்டி வையுங்கள். பின்னறையில் ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அதன் இணையைத் தேடுவதைப் போல் அலுப்பான வேலை வேறில்லை. பிரிட்டனில் வரி செலுத்தும் மகனோ மகளோ தங்கள் பெயரில் கொடுத்து ஒரு படிவத்தில் கையெழுத்திட்டால், அந்தப் பொருள் விற்ற ஒவ்வொரு பவுனுக்கும் 25 பென்ஸ் அரசாங்கத்திடமிருந்து அந்தத் தர்மத்திற்குக் கூடுதலாகக் கிடைக்கும். சட்டைப் பைகளையும் ஒருமுறை தடவிப் பார்த்துவிடுங்கள்; நாங்கள் மூக்குக்கண்ணாடி, வீட்டுச் சாவி, ஒரு தடவை பல்செட் முதலாய்க் கண்டெடுத்திருக்கிறோம்.